ஒரு கட்டை விரலுக்காகச் சமைத்தேன்

சாப்பாடு பிடிக்கவில்லை என்று முகம் சுளிக்கிறவரிடம், "வேற கடை பாருங்க சார்" என்று சொல்லிவிடுகிற உரிமை ஓட்டல்காரருக்கு உண்டு. சர்க்கரைக்காரருக்குச் சமைக்கிற மனைவிக்கு அது கிடையாது. வீட்டில் ஒரு சர்க்கரையை வைத்துக்கொண்டு என்னைப் போல அடுப்படியில் நிற்கிற சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துச் சிரித்துக்கொள்ளலாம். உங்கள் முறை எப்போது வரும் என்று யார் கண்டது?

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவர் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. அடுத்தவர் கடைந்து கொண்டுவந்த சாமானில் தலைமுடி அளவு பிசகு இருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். தன் உடம்பில் ஏறிய சர்க்கரையை மட்டும் அவர் கண்டுபிடிக்கவே இல்லை. அதற்கு ஒரு புண் வர வேண்டியிருந்தது.

கெடு

புது சேஃப்டி ஷூ கடித்து இடது கால் கட்டை விரலில் ஒரு புண். கடலை அளவுதான். மஞ்சள் வைத்தார், களிம்பு வைத்தார், ஒரு மாதமாகியும் ஆறவில்லை. நான் கத்திய கத்தலில் டாக்டரிடம் வந்தார். டாக்டர் வயதானவர், பேச்சில் சிக்கனம். விரலைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், மாத்திரை எழுதினார். பிறகு அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மாத்திரை பாதிதான் வேலை செய்யுமாம். மீதிப் பாதி என் சமையலறையில் இருக்கிறதாம். வாரா வாரம் வீட்டிலேயே சிறுநீரைச் சோதித்து நிறத்தை எழுதிக்கொண்டு வர வேண்டுமாம்.

"மூணு மாசம் டைம் தர்றேன்மா. கலரைப் பச்சைக்காவது கொண்டாந்து காட்டுங்க. இல்லேன்னா அந்த விரலை நான் எடுத்துக்குவேன்" என்றார், ஏதோ பேனா கடன் கேட்கிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை விஞ்ஞானம்

இப்போது விரலில் குத்திப் பார்க்கிற மிஷின் வந்துவிட்டது. அன்றைக்கு அதெல்லாம் ஏது? நீல நிறத்தில் ஒரு கரைசல், ஒரு டெஸ்ட் ட்யூப், அதைப் பிடிக்க ஒரு மர இடுக்கி, ஒரு ஸ்பிரிட் விளக்கு. மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பிடித்த சிறுநீரில் எட்டுச் சொட்டை அந்தக் கரைசலில் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை பரவாயில்லை. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. நான் படித்த கான்வென்ட் லேபில், ட்யூபின் வாயை யார் முகத்துக்கும் நேரே பிடிக்கக் கூடாது என்று சிஸ்டர் ஸ்கேலால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த ட்யூபுக்குள் என்றைக்காவது இது இருக்கும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

பின்கட்டில் ஸ்டூல் போட்டு முதல் சோதனை நடந்தது. கொதித்ததும் புதுச் சூளைச் செங்கல் தோற்றுப்போகிற நிறம். அவர் ட்யூபை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"சாம்பிள் ஓகே. இன்ஸ்ட்ருமென்ட்லதான் ஏதோ கோளாறு. ரீடெஸ்ட் போடு!"

எண்ணிக்கையில் வராத சப்பாத்தி

சாதத்தை ஒரு கப்பாகக் குறைத்து, இரவுக்குச் சப்பாத்தி என்று திட்டம் போட்டேன். முதல் நாள் மாவு பிசைந்து, எண்ணெய் காட்டாமல் வாட்டிப் போட்டேன். தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய்ப் பச்சடி. போடப் போடத் தட்டு காலியானது. நானும் பத்தியத்துக்கு ஒத்துழைக்கிறாரே என்று பூரித்துப்போய்ப் போட்டுக்கொண்டிருந்தேன். மாவுப் பாத்திரம் காலியானபோதுதான் எண்ணினேன். ஒன்பது.

கோதுமை என்றால் ஏதோ மருந்து, எத்தனை வேண்டுமானாலும் விழுங்கலாம் என்று இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஒரு நம்பிக்கை. நான் கரண்டியை ஓங்கிக்கொண்டு கேட்டதற்கு அவர் நிதானமாகக் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"டாக்டர் சாதத்தைத்தான் அளக்கச் சொன்னார். சப்பாத்தியை எண்ணச் சொன்னாரா?"

ஆலோசனைக் குழு

குவார்ட்டர்ஸில் ஒரு வசதி, தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாவும் ஒரே லைனில் குடியிருக்கும். ஒரு அசௌகரியம், எல்லா ஜில்லாவும் வைத்தியம் சொல்லும். வேலூர்க்காரம்மா பாகற்காய்ச் சாறு என்றார். சேலத்துக்காரம்மா ஆவாரம்பூ என்றார். இதையெல்லாம் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றும் ஒருத்தி சொன்னாள். அவளை வாசலோடு அனுப்பிவிட்டேன்.

தினமும் கீரை வாங்க ஆரம்பித்தேன். நெமிலிச்சேரியிலிருந்து மின்சார ரயிலில் கூடையோடு வருகிற கீரைக்காரம்மாவுக்கு முதல் வாரம் சந்தோஷம். இரண்டாம் வாரம் சந்தேகம். முருங்கை, அரைக்கீரை, மணத்தக்காளி என்று நான் அள்ளுவதைப் பார்த்துவிட்டு, கழுத்தை நீட்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, தெனிக்கும் இம்மாங் கீரய யாரு துன்றது? உள்ள மாடு எதுனா கட்டி வெச்சிகீறியா?"

இதற்காவது சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டு கோமதியின் கதைக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. திருநெல்வேலிப் பெண், நல்ல மனசு. தீபாவளிக்கு ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொண்டுவந்து, நான் இல்லாத நேரமாகப் பார்த்து அவரிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் தூக்கில் எண்ணெய் மினுமினுப்புதான் பாக்கி. சண்டைக்குப் போனேன். அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள்:

"சீனிதானக்கா அண்ணனுக்கு ஆவாது? இது கருப்பட்டில்லா!"

ஜில்லென்று ஒரு வெற்றி

அதிரச வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அதிசயம் நடந்தது. ட்யூப் கொதித்தது, நிறம் மாறவில்லை. அசல் நீலம். அதற்கு அடுத்த ஞாயிறும் நீலம். நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். ஆனால் கட்டை விரல் நோட்டுப் படிக்கவில்லை போலிருக்கிறது. கட்டுப் பிரித்தால் புண் அப்படியே, ஓரம் கறுத்துக்கொண்டு. மூன்று மாதக் கெடுவில் பாதி ஓடிப்போயிருந்தது.

மூன்றாவது ஞாயிறு அவர் நீட்டிய பாட்டிலை வாங்கியதும் கை நின்றது. ஜில்லென்று இருந்தது. மனுஷன் உடம்பிலிருந்து இப்போதுதான் வந்தது எப்படிப் பானைத் தண்ணீர் மாதிரி இருக்கும்? குளியலறைக்குள் போய்த் தேடினேன். ஜன்னல் மாடத்தில், சோப்புப் பெட்டிக்குப் பின்னால், பாதி ஊற்றியது போக மிச்சத்தோடு இன்னொரு பாட்டில். காலையில் வெறும் வயிற்றில் பிடித்து ஒளித்து வைத்ததைத்தான் வாரா வாரம் மதிய சாம்பிள் என்று கொடுத்திருக்கிறார். வெறும் வயிற்றில் சர்க்கரை குறைவாகத்தான் காட்டும் என்பதையும் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

நான் போட்ட சத்தத்தில் கோமதி வீட்டு ரேடியோ நின்றது. அவர் கட்டிலில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "விரல் போச்சுன்னா ஷூ நிக்காது. ஷூ போடாதவனை ஷாப்புக்குள்ள, மிஷின் கிட்டக்கூட விடமாட்டாங்க. ஆபீஸ்ல மூலையில உட்கார வெச்சு ஃபைல் தள்ளச் சொல்லுவாங்க" என்றார். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. அவ்வளவு பயம் இருக்கிறவர் ஏன் இந்தப் பித்தலாட்டம் செய்தார் என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமல் பதில் வந்தது:

"மேலேருந்து இன்ஸ்பெக்‌ஷன் வந்தா நல்ல பீஸைத்தானே முன்னால எடுத்து வைப்போம்?"

ஆறு டப்பா, ஒரு வட்டம்

அன்றைக்கே உண்மையான சாம்பிளைச் சோதித்தேன். செங்கல். வீட்டில் அளந்துதான் போடுகிறேன், அதிரசமும் இல்லை, பிறகு எங்கிருந்து? குறுக்கு விசாரணையில் வெளியே வந்தது மற்ற ஆறு நாளின் மதியச் சாப்பாட்டு ரகசியம்; ஆறு நாள் ஏறியதை ஒரு ஞாயிறு இறக்கிவிடுமா? ஷாப்பில் ஆறு பேர் ஒரு மரப்பெட்டியைச் சுற்றி உட்காருவார்களாம். ஆறு டப்பாவும் நடுவில் திறந்து வைக்கப்படுமாம். தன் டப்பாவைத் தானே தின்கிறவன் அங்கே பிசினாரி. நான் விடிந்ததும் விடியாததுமாய் நறுக்கிய வாழைத்தண்டும் கீரையும் அடுத்த ஐந்து பேருக்குப் போயிருக்கிறது. அவர்கள் வீட்டு எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இவருக்கு வந்திருக்கிறது. ஐந்து பேருக்கு உடம்பு நன்றாக இருந்திருக்கும், சந்தேகமே இல்லை.

"தனியா சாப்பிடுங்க" என்றேன். "எத்தனை வருஷமா ஒண்ணா சாப்பிடறோம். நான் மட்டும் முதுகைக் காட்டிக்கிட்டு உட்காரணுமா?" என்றார். விரலைக் கொடுத்தாலும் கொடுப்பார், அந்த வட்டத்தைக் கொடுக்கமாட்டார் என்று புரிந்தது. அப்படியானால் வட்டத்தையே பத்தியத்தில் போட வேண்டியதுதான். வட்டத்தில் ஏழுமலை என்று ஒருவர், திருமுல்லைவாயில்காரர், இவருக்குத் தம்பி மாதிரி. அவரை வீட்டுக்கு வரவழைத்துச் சட்டம் சொன்னேன். சாதம் அவரவர் டப்பா, யாரும் தொடக் கூடாது. தொட்டுக்கொள்வது பொது, ஆறு பேருக்கும் என் வீட்டிலிருந்து வரும். காய் நறுக்கும் வேலை மிச்சம் என்று மற்ற ஐந்து வீட்டு அம்மாக்களும் உடனே கை தூக்கிவிட்டார்கள்.

தினமும் காலையில் ஏழுமலை சைக்கிளில் வந்து கேரியர் அடுக்கை எடுத்துப் போவார். முதல் வாரம் வேகவைத்த சுரைக்காய், வேகவைத்த பீன்ஸ், வேகவைத்த கோஸ். நோயாளிச் சாப்பாடு என்றால் அழுதுகொண்டே தின்ன வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். சனிக்கிழமை அவர் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"அண்ணி, தப்பா நெனச்சிக்காத. சக்கர அண்ணாத்தைக்குத்தான கீது? எங்க நாக்கு இன்னா பாவம் பண்ணிச்சி?"

நாக்குக்கும் ஒரு வழி

அந்தக் கேள்விதான் என்னைச் சமைக்கக் கற்றுக்கொள்ள வைத்தது. எண்ணெயைக் கொட்டாமலே பூண்டும் மிளகும் தட்டிப் போட்டால் சுரைக்காய்க்கும் மரியாதை வரும். கொள்ளை வறுத்து, மிளகாயோடு பொடித்துக் கத்தரிக்காய் மேல் தூவினால் போதும். முருங்கைக்கீரையில் ஒரு கை பாசிப்பருப்பு. வெந்தயத்தை முளைகட்டி மாங்காய்த் துருவலோடு பிசைந்து வைத்தால் ஊறுகாய் தேடமாட்டார்கள். பாகற்காயைப் புளியில் வேகவிட்டேன், வெல்லம் போடாமல் வெங்காயத்தை நிறைய வதக்கிச் சேர்த்தேன். அடுக்கு காலியாக வந்தது. வழித்துத் தின்ற விரல் தடம்கூடத் தெரிந்தது.

செங்கல் ஆரஞ்சாயிற்று. ஆரஞ்சு மஞ்சளாயிற்று. கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ட்யூபை விளக்கிலிருந்து எடுத்தேன். பச்சை. புல் மாதிரிப் பச்சை. நான் நம்பவில்லை. அவரைக் குளியலறை வாசலில் நின்று காவல் காத்துத்தான் அந்த சாம்பிளை வாங்கியிருந்தேன். இருந்தும் இன்னொரு ட்யூப் வைத்தேன். அதுவும் பச்சை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டு சுற்றிய விரலை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலையிடம் மறுநாள் சொன்னபோது அவர்தான் என்னைவிடச் சத்தம் போட்டார்:

"அப்போ வெரலு தப்பிச்சிகிச்சின்னு சொல்லு! ஆனா அண்ணி, நாளைக்கும் அந்தக் கத்திரிக்கா கீதுல்ல?"

தீர்ப்பு

டாக்டர் கட்டைப் பிரித்தார். புண் வாயைச் சுற்றி இளஞ்சிவப்பாகத் தோல் மூடிக்கொண்டு வந்திருந்தது. அழுத்திப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார். அந்த இரண்டு பொய் நீலத்தின் மேல் நான் போட்டிருந்த குறுக்குக் கோடுகளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். "விரலை நீங்களே வெச்சுக்குங்க. பச்சைக்கு எப்படிக் கொண்டாந்தீங்க?" என்றார். மாத்திரையும் சாப்பாடும் ஆயுசுக்கும் தொடர வேண்டும் என்று ஒரு எச்சரிக்கையும் சேர்த்தார். நான் பதில் சொல்ல நாற்காலி நுனிக்கு வந்தேன். அதற்குள் என் கணவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முந்திக்கொண்டார்:

"சாப்பாட்டு விஷயத்துல நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு, டாக்டர்."

ஆக, ஒரு ஆளைப் பத்தியத்தில் வைக்க ஆறு பேருக்குச் சமைக்க வேண்டும் என்பதும், அவருடைய ஒரு விரலைக் காப்பாற்ற நம்முடைய பத்து விரலும் தேய வேண்டும் என்பதும், அதற்கான பாராட்டு அந்தப் பதினோராவது விரலின் சொந்தக்காரருக்கே போய்ச் சேரும் என்பதும்தான் இந்தத் தொழிலில் நான் கண்டது.