சட்டம் மலையேறிய கதை

வேடியப்பன் பிறந்த காலத்தில் கல்வராயன் மலையில் சட்டம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது. அது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு குதிரையில் வந்தது. மலையை ஆண்ட ஜாகீர்தார் காலையில் ஒன்று சொல்வார். சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் அதையே மாற்றிச் சொல்வார். எழுதி வைத்து, விவாதித்து, வாக்கெடுத்து என்று நேரத்தை வீணாக்குகிற வழக்கமெல்லாம் அங்கே இல்லை. கூப்பிட்டால் கூலி இல்லாமல் வேலைக்குப் போக வேண்டும் என்பது மட்டும் எந்த நாளும் மாறாத பகுதி.

1950 ஜனவரி 26 அன்று டெல்லியில் இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் முன் எல்லாரும் சமம், யாரையும் கட்டாயப்படுத்திக் கூலியில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றெல்லாம் அழகான எழுத்தில் எழுதியிருந்தார்கள். பதினொரு வயது வேடியப்பன் அன்று ஜாகீர்தார் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு மூங்கில் சுமந்துகொண்டிருந்தார். அரசியலமைப்பு கச்சிராயபாளையம் வரை வந்து, அண்ணாந்து பார்த்து, ஏற்றம் அதிகம் என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. அது எழுந்து மலையேற இருபத்தாறு வருடம் ஆயிற்று. எழுபதுகளின் நடுவில்தான் ஜாகீர் ஒழிந்து, மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது.

அடுத்த வருடம் தேர்தல். முப்பத்தெட்டு வயதில் வேடியப்பன் முதன்முதலாக ஓட்டுப் போடப் போனார். சாவடியில் இருந்தவர் அவர் விரலைப் பிடித்து மை வைத்தார்.

"இன்னாத்துக்குங்க இது?"

"நீ மறுபடியும் வராம இருக்கறதுக்கு."

"இப்பதாங்க மொத வாட்டியே வந்துகீறேன். அதுக்குள்ளயே வராதன்றீங்களே!"

சாவடியில் இருந்தவர் சிரிக்கவில்லை. அரசாங்கத்துடன் வேடியப்பனுக்கு ஏற்பட்ட முதல் உரையாடல் இது. இதற்குப் பிறகு நடந்தவையும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

அவருக்கு ஒரே மகள், ரங்கம்மாள். தாய் இல்லாத பெண். வெள்ளிமலை விடுதியில் தங்கிப் படித்து, 1987இல் பன்னிரண்டாம் வகுப்பு தேறினாள். அவர்கள் ஊரில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு மனு போட்டாள். திருக்கோவிலூர்ப் பக்கம் இருந்த பயிற்சிப் பள்ளி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது: செப்டம்பர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு நேர்காணல்; பழங்குடிச் சான்றிதழோடு வர வேண்டும்.

சான்றிதழ் தருகிற அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. அப்படி ஒன்று எல்லாத் தாலுகாவிலும் உண்டு. அங்கே நாராயணசாமி என்ற எழுத்தர் வேடியப்பன் நீட்டிய மனுவை வாங்கிப் பார்த்தார்.

"இனம் மலையாளின்னு போட்டுகீது. கேரளாவா?"

"இல்லீங்க. கல்வராயன் மல."

"அப்புறம் எப்பிடி மலையாளி? எங்க, மலையாளத்துல ரெண்டு வார்த்த பேசு."

"மலையில கீற ஆளுங்க, மலையாளிங்க. எங்களுக்குத் தமிழ் மட்டுந்தாங்க தெரியும்."

"மலையாளம் தெரியாத மலையாளியா!" நாராயணசாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒரு மோசடியைக் கண்டுபிடித்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. "உன் பட்டாவுல கவுண்டர்னு கீது. இங்க மலையாளின்ற. நாளைக்கி வேற ஏதாவது சொல்லுவ. போய் ஆதாரம் எடுத்துக்கினு வா." கவுண்டர் என்பது மலையாளிகள் பெயரோடு போட்டுக்கொள்கிற பட்டம் என்று சொல்ல வேடியப்பனுக்கு இடம் கிடைக்கவில்லை.

வேடியப்பன் ஆறு தடவை மலையிறங்கி ஏறினார். ஏழாவது தடவை யாரோ சொல்லி, கள்ளக்குறிச்சியில் தீனதயாளன் என்ற வக்கீலைப் போய்ப் பார்த்தார். வக்கீலுக்குக் கட்சிக்காரர்கள் குறைவு, பேச்சு ஜாஸ்தி. தடித்த புத்தகம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்.

"பழங்குடிங்க யாரு யாருன்னு எழுத்தர் முடிவு பண்ண முடியாதுங்க. அரசியலமைப்புப்படி ஜனாதிபதி ஒரு பட்டியல் போடுவாரு. அதுல ஒரு பேரச் சேக்கறதுன்னாலும் எடுக்கறதுன்னாலும் பார்லிமெண்டுதான் சட்டம் போடணும். இதோ பாருங்க, மலையாளி, தென்னாற்காடு மாவட்டம். அச்சுல கீது."

வேடியப்பனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வக்கீலின் விரல் நின்ற இடத்தை உற்றுப் பார்த்தார். டெல்லியில் யாரோ தன் ஜனத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள், தன்னிடம்தான் யாரும் சொல்லவில்லை.

"இந்தப் பொஸ்தகத்த மாத்தவே முடியாதாங்க?"

"ஏன் முடியாது? இதுவரைக்கும் அம்பது வாட்டிக்கு மேல திருத்தியாச்சு. மொத திருத்தத்துக்கே நம்ம மெட்ராஸ்தான் காரணம். இட ஒதுக்கீடு செல்லாதுன்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க. இங்க ஜனங்க கொதிச்சாங்க. அம்பத்தொண்ணுல திருத்துனாங்க. சபைக்கு வந்து ஓட்டுப் போடறவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு, மொத்த பேர்ல பாதிக்கு மேல, அவ்ளோ பேரு கை தூக்குனா போதும். சில பகுதிக்கு மட்டும் பாதி மாநிலமும் ஒத்துக்கணும். ஆனா அதோட ஆணிவேர மாத்தக் கூடாதுன்னு பெரிய கோர்ட் சொல்லிருக்கு."

"ஆணிவேரு எதுங்க?"

"அத அப்பப்ப கோர்ட் சொல்லும்." வக்கீல் பக்கத்தைத் திருப்பினார். "இங்க பாருங்க. பத்து வருஷத்துக்குள்ள பதினாலு வயசு வரைக்கும் எல்லாப் புள்ளைங்களுக்கும் இலவசக் கல்வி குடுக்க அரசு முயலணும்னு போட்டுருக்கு."

"எந்தப் பத்து வருஷம்?"

"அம்பதுலேர்ந்து அறுவது."

அந்தப் பத்து வருடத்தில் தங்கள் ஊரில் பள்ளிக்கூடம் என்ற பெயரில் ஒரு கல்கூட நடப்படவில்லை என்பது வேடியப்பனுக்கு ஞாபகம் வந்தது. "கேஸு போடலாங்களா?" என்றார் ஆர்வமாக.

"இதுக்குப் போட முடியாது. முயலணும்னுதானே போட்டுருக்கு? முயற்சி பண்ணிக்கினு இருக்கோம்னு சொல்லிடுவாங்க."

வக்கீல் எழுதிக் கொடுத்த கடிதம் வேலை செய்தது. கடிதத்தின் வாதத்தை விட அதிலிருந்த ஜனாதிபதி என்ற சொல்தான் நாராயணசாமியை அசைத்தது என்று நினைக்கிறேன். செப்டம்பர் பதினாறாம் தேதி, புதன்கிழமை மாலை, சீல் வைத்த சான்றிதழ் ரங்கம்மாள் கைக்கு வந்தது. அப்பாவும் மகளும் கள்ளக்குறிச்சியில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலை பஸ்ஸுக்குப் போனார்கள்.

பஸ் இல்லை. அன்றைக்குத்தான் இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுவதும் சாலை மறியல் தொடங்கியிருந்தது. ஒரு வாரத்துக்கு. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள்.

இட ஒதுக்கீடு இருக்கிற பெண்ணொருத்தி, இட ஒதுக்கீடு கேட்டு நடக்கிற போராட்டத்தால், இட ஒதுக்கீட்டில் சேரப் போக முடியாமல் பஸ் நிலையத்தில் நின்றாள். இதற்கு அரசியலமைப்பில் எந்தப் பிரிவு என்று வக்கீலைக் கேட்டிருக்கலாம். அவருக்கும் அன்று பஸ் கிடைக்கவில்லை.

"நாப்பது கிலோமீட்டருதானே கீது? மேடு கூட இல்ல" என்றார் வேடியப்பன். நடந்தார்கள்.

ரிஷிவந்தியத்துக்குச் சற்று முன்னால், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் பொன்னுரங்கம், நெல் வைக்கிற குடியானவர். முந்தின நாள் வரை வரப்பில் நின்றவர், இன்றைக்கு வரலாற்றில் நிற்கிற மிடுக்கோடு கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கய்யா போய்க்கினு கீற? ரோடு மறியல் தெரியாதா?"

வேடியப்பன் கடிதத்தையும் சான்றிதழையும் நீட்டினார். பொன்னுரங்கம் வாய்விட்டுப் படித்தார். மரத்தின் மேல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து படித்தார்கள். அவ்வளவு கவனமாக அந்தக் காகிதத்தை அலுவலகத்தில்கூட யாரும் படிக்கவில்லை.

"நாங்க கேக்கறதே இந்த மாதிரி ஒண்ணத்தான்யா" என்றார் பொன்னுரங்கம். குரல் இறங்கியிருந்தது. "எம் பையன் மூணு வருஷமா மனு போட்டுக்கினே கீறான். உங்க கையில காயிதம் கீது."

"கையிலதாங்க கீது" என்றார் வேடியப்பன். "காயிதத்துல போட்டுகீற எடத்துக்குப் போறதுக்குத்தான் வழியக் காணோம்."

பொன்னுரங்கம் காகிதங்களைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு இரண்டு பேரைச் சைக்கிள் எடுக்கச் சொன்னார். "ஏரிக்கரை மேல இட்டுக்கினு போங்கடா. அடுத்த மரத்தாண்ட எம் பேரச் சொல்லு. பொண்ணு படிக்கப் போவுது."

அடுத்த மரத்திலும் சான்றிதழைப் படித்தார்கள். அதற்கடுத்த மரத்தில் ஒருவர் சோறு போட்டு, இரவு தங்க இடமும் கொடுத்தார். நாட்டில் சட்டம் ஒழுங்கு குலைந்துவிட்டது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த அந்த நாளில்தான் வேடியப்பனுக்கு முதல் தடவையாக வழி நெடுக மரியாதை கிடைத்தது. வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின என்ற செய்தியும் அதே வழியில்தான் வந்தது. அதற்குப் பிறகு சைக்கிள் மிதித்தவர்கள் ரோட்டுப் பக்கமே திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கால் மணி நேரம் முன்பே அப்பாவும் மகளும் பயிற்சிப் பள்ளி வாசலில் நின்றார்கள். உள்ளே தலைமை ஆசிரியை அம்சவள்ளியும் ஒரு காவலாளியும் மட்டும் இருந்தார்கள்.

"எப்படி வந்தீங்க?" என்றார் அம்சவள்ளி, திகைத்துப்போய்.

"பாதி நடந்து, பாதி சைக்கிள்லங்கம்மா."

"இண்டர்வியூவ ஒத்தி வெச்சாச்சே! தந்தி குடுத்தோமே, வரலயா?"

மலைக்குத் தந்தி வருவதென்பது 1960க்குள் பள்ளிக்கூடம் வருவது போன்ற ஏற்பாடு. ரங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேடியப்பன் விடவில்லை.

"பார்லிமெண்டுல வந்தவங்க கணக்க வெச்சுதான் சட்டத்தயே மாத்தறாங்களாம். இன்னிக்கி வந்தது எம் பொண்ணு ஒருத்திதான். மூணுல மூணு பங்கும் அவதாங்கம்மா."

அம்சவள்ளி முதலில் சிரித்தார். பிறகு, "நாட்டோட சட்டத்த திருத்தலாங்கய்யா. எங்க டைரக்டர் ஆபீஸ் சுற்றறிக்கைய யாராலயும் திருத்த முடியாது" என்றார். அதில் கேலி இல்லை. ஆனால் பெண்ணை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நேர்காணலுக்கு முதலில் குறித்த தேதியிலேயே நேரில் வந்தவர் என்று கோப்பில் எழுதி, கையெழுத்தும் போட்டார். அந்தக் குறிப்பை அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அக்டோபரில் நடந்த நேர்காணலில் ரங்கம்மாளுக்குக் காத்திருப்புப் பட்டியலில்தான் இடம். முன்னால் இருந்த பெண் வேறு ஊரில் சேர்ந்துகொண்டதால் இவளுக்குக் கிடைத்தது. நாற்பது கிலோமீட்டர் பயணமோ ஜனாதிபதியின் பட்டியலோ செய்யாததை, முகம் தெரியாத ஒருத்தியின் மனமாற்றம் செய்து வைத்தது.

1989இல் பொன்னுரங்கம் போன்றவர்கள் கேட்டது, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இருபது சதவீதம் என்று வந்தது. அதே வருடம் அரசியலமைப்பைத் திருத்தி, ஓட்டுப் போடும் வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைத்தார்கள். இருபது வயது ரங்கம்மாள் அப்பாவோடு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டாள். "உனக்கு ஒரு வருஷம் முன்னாடியே வந்துடுச்சு" என்றார் வேடியப்பன். அவர் குரலில் பெருமையும் கொஞ்சம் பொறாமையும் இருந்தன.

படிப்பு முடிந்து, ஒரு வழியாக வேலையும் வந்தது. மலைக்குப் போக எந்த ஆசிரியரும் சம்மதிக்கவில்லை என்று அரசாங்கம் அலுத்துக்கொண்டிருந்த காலம் அது. மலையிலேயே பிறந்து, மலைக்கே அனுப்புங்கள் என்று கேட்ட ரங்கம்மாளை அரசாங்கம் நன்றாக யோசித்து, களமருதூர்ப் பக்கம் நெல் வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பியது.

மலைக்கு மாறுதல் கிடைக்க மூன்று வருடம் ஆயிற்று. உத்தரவு வந்த அன்று வேடியப்பன் இறங்கிப் போய் அவள் டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார். அதில் பாதிக்கு மேல் புத்தகம். பஸ் நின்ற இடத்திலிருந்து ஊர் வரை ஏழு கிலோமீட்டர் ஏற்றம். வழியில் மூன்று இடத்தில் பெட்டியை இறக்கி வைத்து, இந்தப் படிப்பு ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று மகளைத் திட்டினார்.

"நான் ஒரு பக்கம் பிடிக்கறேன்ப்பா" என்றாள் ரங்கம்மாள்.

"டீச்சர் பொட்டி தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடியும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.