ஐந்தாவது டயர்

அவருக்கு எங்கள் டயர் கடையில் 'டேப்புக்காரர்' என்று பெயர். வைத்தது நான்தான். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் அளவு டேப் வைத்திருப்பார். பேசும்போது அதை இழுப்பார், விடுவார், மறுபடி இழுப்பார். பத்து நிமிடம் கேட்டால் எனக்குத் தலை வலிக்கும்.

கல்குவாரியில் வேலை பார்த்தவர். பாறையில் வெடிக்குத் துளை போட வேண்டிய இடங்களை அளந்து சுண்ணாம்பால் குறி வைப்பது அவர் பொறுப்பு. ஓர் அங்குலம் தப்பினால் கல் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. இருபத்தாறு வருடத்தில் அவர் வைத்த குறியால் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. இதை அவர் எல்லோரிடமும் சொல்வார். என்னிடம் மட்டும் ஐந்தாறு முறை சொல்லியிருப்பார்.

மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போனதும் வேலையை விட்டார். குவாரி கழித்துக்கட்டிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கினார். வீடு மேலே, குவாரிக்குப் பக்கத்தில். அங்கிருந்து தார் ரோட்டுக்கு வர பதினொரு கிலோமீட்டர் வெறும் கல் பாதை, நடுவில் ஓர் ஓடை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அந்த அம்மாவைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒரு தடவை தவறினால் சமாளிக்கலாம், அடுத்ததும் தவறினால் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. வண்டியில் இருந்த டயர்கள் மொட்டையாகிவிட்டன. அதனால்தான் என் கடைக்கு வந்தார்.

வந்தார் என்றால், ஒன்றரை மாதம் வந்தார். சேற்றுக்கென்றே வரும் மட் டயரைக் காட்டினேன். பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் குலுக்கும், அவளால் தாங்க முடியாது என்றார். சாதா டயர் ஓடையைத் தாண்டாது. கடைசியில் தாருக்கும் கல்லுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் என்று முடிவானது. அப்புறம் அதிலே தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகளில் எந்தப் பட்டன், பட்டனுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் பள்ளம், எந்த வருடம் எந்த வாரம் தயாரானது என்று டயர் டயராகக் குனிந்து பார்த்தார். கல்லில் அடிவயிறு தட்டாமல் இருக்க ஒரு சைஸ் பெரிதாகப் போட வேண்டும் என்றார். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்தார். வண்டியில் நான்கு பேரை ஏற்றி உட்காரவைத்து மறுபடி அளந்தார். அந்த நான்கு பேரில் நானும் ஒருவன்.

அந்த அம்மா பின் சீட்டை மடக்கிப் போட்ட மெத்தையில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கை கால் வீங்கியிருந்தாலும் வாய்க்குக் குறைவில்லை.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம்தான் பாத்தாரு தம்பி. டயருக்கு வந்த யோகத்தைப் பாருங்க."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். பதினெட்டு வருடமாக டயர் மாட்டுகிறவனுக்கு ஒருவர் டயர் பாடம் நடத்தினால் எத்தனை நாள் பொறுப்பது? டயர் மாட்டிய அன்று, நான் முறுக்கிய நட்டு ஒவ்வொன்றையும் அவர் மறுபடி முறுக்கிப் பார்த்தார். வரிசையில் நின்ற மற்ற வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

நான்கு சக்கரமும் முடிந்தது. மிச்சம் ஸ்டெப்னி, அவசரத்துக்கான மாற்று டயர். அதுவும் அதே புது சைஸில்தான் வேண்டும் என்று ஐந்து டயராக வாங்கியிருந்தார். அந்த வண்டியில் ஸ்டெப்னி பின்பக்கம் அடியில், டீசல் டேங்குக்கும் பம்பருக்கும் நடுவே சங்கிலியில் தொங்கும். பழைய சைஸுக்கே அங்கே விரல் நுழைகிற இடம்தான். புதியது ஏறாது. பார்த்ததுமே எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் அளந்த மனிதர் அதை மட்டும் அளக்கவில்லை.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஸ்டெப்னிய நானே வீட்ல மாட்டிக்கிறேன். நீங்க முறுக்குறது எனக்குச் சரிப்படல."

மாட்டிப் பாரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, டயரைத் தூக்கி வண்டிக்குள் வைத்தேன். பழைய டயர் ஒன்றை அடியில் மாட்டிக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு ஆகும் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்தப் பழைய டயர் என் காலடியில்தான் கிடந்தது.

மறுநாள் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது. கீழே ஏறவில்லை, கூரைமேல் வைக்க ஒரு சட்டம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், வெல்டர் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், அதுவரை என்ன செய்யலாம் என்று கேட்டார். என் கடையின் பின்னால் அந்த வண்டிக்குப் பொருந்துகிற பழைய ரிம் இரண்டு கிடந்தன. ஒன்றில் பழைய டயரை ஏற்றிக் கொடுக்க அரை மணி நேரம் ஆகாது. நான் சொன்னது வேறு.

"அளந்துதானே வாங்குனீங்க அண்ணே."

போனை வைத்துவிட்டார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை ஓடையில் வெள்ளம், வண்டி இறங்க முடியவில்லை. வியாழக்கிழமை தண்ணீர் வடிந்தது. டயரை உள்ளே வைத்தால் மெத்தை முழுக்க விரியாது. புது ரப்பர் வாசனையில் அந்த அம்மாவுக்கு வாந்தி வேறு. அதை இறக்கி வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு மனைவியைப் படுக்கவைத்துக் கிளம்பியிருக்கிறார். வெள்ளம் புரட்டிப் போட்டிருந்த கல் ஒன்று ஏழாவது கிலோமீட்டரில் பின் டயரின் பக்கவாட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தது. பஞ்சர் போடுகிற கிழிசல் இல்லை அது. காற்றில்லாமலே ஓட்டிப் பார்த்திருக்கிறார், ரிம் கல்லில் சிக்கி நின்றுவிட்டது. போனுக்கு சிக்னல் இல்லை. மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. தனியே விட்டுவிட்டு நான்கு கிலோமீட்டர் ஓடினார். லாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வர இரண்டேகால் மணி நேரம் ஆனது. மெத்தையில் அந்த அம்மா இருந்தார், உயிர் இல்லை.

ஒரு மாதம் கழித்து, கிழிந்த டயரோடு கடைக்கு வந்தார். வேறு ஒன்று போட வேண்டுமாம், ஐந்தாவது டயர் ஸ்டெப்னியாகவே இருக்கட்டுமாம். மேலே இருக்கிற நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு இறக்கி ஏற்றப் போகிறாராம். பையில் டேப் இல்லை. கிழிந்த டயரைக் கீழே சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஸ்டெப்னி கீழ ஏறாதுன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

தெரியும் என்று சொன்னால் கல்லைத் தூக்கி என் தலையில் போடுவார், போடட்டுமே என்றுகூட நினைத்தேன். ஆனாலும் வாயிலிருந்து வந்தது அதுவல்ல.

"தெரியாதுண்ணே."

"தெரிஞ்சா சொல்லியிருப்பீங்க," என்று தலையாட்டினார். "நான்தான் அளக்காம விட்டுட்டேன்."

கூரைச் சட்டத்தை அவர் அடிக்கவே இல்லை. ஐந்தாவது டயர் இன்றும் வண்டிக்குள்தான், மெத்தை விரித்திருந்த இடத்தில் படுத்துக் கிடக்கிறது. வண்டியில் வருகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்து வருகிறார்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப்போட என் கடைக்கு வருவார். வேறு யாரும் தொடக்கூடாது, நான்தான் மாட்ட வேண்டும். நான் நட்டை முறுக்கும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு நட்டைக்கூட அவர் மறுபடி முறுக்கிப் பார்ப்பதில்லை.