கடைசியாக எழுதிய பெயர்

காலை ஜெபம் முடிந்து மணி அடித்ததும் அந்தப் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் யாரும் தபீதாளின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். குனிந்துகொண்டு நோட்டு திருத்துவார்கள். காலியாக இருக்கும் தண்ணீர் பாட்டிலை ஆட்டிப் பார்ப்பார்கள். பயாலஜி ரமா மிஸ் மட்டும் எதற்கும் கவலைப்படாமல் கைப்பையைத் தூக்கிக்கொண்டு, "லேப்ல ஸ்லைடு காயுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

எல்லாம் ஸ்லிப்புக்குப் பயந்துதான். அன்றைக்கு லீவு போட்ட ஆசிரியரின் வகுப்புகளை, அந்த நேரத்தில் ஓய்வாக இருக்கும் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் துண்டுச் சீட்டு அது. ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த அந்தப் பள்ளியில் ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு பீரியட் ஓய்வு கிடைத்தால் பெரிது. அதையும் ஸ்லிப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பிடுங்குகிறவள் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர், தபீதாள், கம்ப்யூட்டர் சயின்ஸ்.

சீட்டைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்குவது ஆயா புஷ்பம். அவளுக்கும் ஏச்சு விழும். "என்னிய இன்னாத்துக்கு மொறைக்கிறீங்க? நான் சும்மா எத்துகினு வர்றவ. எழுதுன மவராசி அங்க குந்திகினு கீது" என்று கையைக் காட்டிவிட்டுப் போவாள். காட்டிய திசையில் தபீதாள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

அவள் தலையைத் தூக்காததற்குக் காரணம் கூச்சம் அல்ல. அந்த அறையில் இருந்தவர்களை அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பெருங்களத்தூர் தாண்டி ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவள் தபீதாள். ஒரு நாள் ஆட்குறைப்பு என்று சொல்லி, அவளையும் அவள் வரிசையில் இருந்தவர்களையும் அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து அவள் எடுத்து வந்தது ஒன்றே ஒன்று: ஈமேக்ஸ் பழக்கம். அவளுக்குக் கொடுத்திருந்த பழைய கணினியில் மற்றதெல்லாம் திணறி நின்றபோது, எழுத்துகளை மட்டும் காட்டும் அந்த எடிட்டர் ஓடியது. அதற்குள்ளே ஆர்க் என்று ஒன்று இருந்தது. நட்சத்திரக் குறி போட்டு எழுதினால் தலைப்பு. அதற்குக் கீழே எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு விசையைத் தட்டினால் எல்லாம் மடிந்து தலைப்பு மட்டும் நிற்கும். செய்ய வேண்டியது, செய்து முடித்தது, தேதி, குறிப்பு எல்லாமே வெறும் எழுத்து. எந்தக் கணினியிலும் திறக்கும். எந்தக் கம்பெனியும் நாளைக்குப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. வேலையைப் பிடுங்கக் கொடுத்தவளுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

பிடிக்காத இடத்தில் மாற்றியும் எழுதிக்கொள்ளலாம். ஈமேக்ஸுக்குள்ளேயே சின்னச் சின்னக் கட்டளைகளை எழுதி, அது செய்யாததையும் செய்ய வைக்கலாம். தபீதாள் எழுதிய கட்டளைகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் இருக்கும். ஏன் எழுதினாள் என்ற விளக்கம் பக்கத்திலேயே தமிழில் இருக்கும். பீர்க்கன்கரணை வீட்டில் அக்கா ஜோசலின் எட்டிப் பார்த்து, "கலரே இல்லாம இருக்கு, கண்ணு வலிக்கலையாடி?" என்பாள். "மனுசங்களப் பாக்கறதுக்கு இது தேவலாம்" என்பாள் இவள்.

பள்ளியில் சேர்ந்த வருடம், ஸ்லிப் போடும் வேலை யாருக்கும் வேண்டாத வேலையாகக் கிடந்தது. தபீதாள் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். முதலில் அட்டவணையாகத்தான் அடித்தாள். தமிழ் எழுத்துகள் அகலத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் கட்டங்களின் கோடுகள் பல் வரிசை கெட்ட மாதிரி கோணிக்கொண்டு நின்றன. அட்டவணையை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு தலைப்பு போட்டாள். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அவருடைய ஓய்வுப் பீரியடுகள், அந்த வாரம் எத்தனை முறை மாற்று வகுப்புக்குப் போனார் என்ற எண்ணிக்கை. பிறகு ஒரு கட்டளை எழுதினாள். லீவு போட்டவர் பெயரைக் கொடுத்தால் போதும். அந்த நேரத்தில் ஓய்வாக இருப்பவர்களைத் தேடி, குறைவாகப் போனவரை மேலே கொண்டுவந்து, அவர் பெயரில் சீட்டு எழுதி, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். திங்கட்கிழமை காலையில் எல்லோருடைய கணக்கும் பூஜ்யத்துக்குத் திரும்பும். போன வாரத்துப் பகையை இந்த வாரம் சுமக்க வேண்டாம் என்று அவளாக யோசித்து வைத்தது.

யாராவது சண்டைக்கு வந்தால் அவளிடம் ஒரே பதில்தான். "நான் போடல. அது போடுது."

அந்தப் பதில்தான் எல்லோரையும் எரிய வைத்தது.

அதிகம் எரிந்தவர் தமிழ் ஆசிரியர் ஆபேல். கதவோரம் முதல் நாற்காலி அவருடையது. தொண்டையில் ஏதோ தடித்திருக்கிறது, குரலுக்கு ஓய்வு கொடுக்கவில்லை என்றால் அறுவை சிகிச்சைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கிறதென்றுதான் அந்த நாற்காலி. அவருக்குத்தான் ஸ்லிப் வந்துகொண்டே இருந்தது. மாற்று வகுப்பு என்றால் பாடம் நடத்துவதைவிடக் கத்துவதுதான் அதிகம்.

"டீச்சர், உங்க கம்ப்யூட்டருக்கும் எனக்கும் எதாவது முன்விரோதமா?" என்று கேட்டார் ஒருநாள், தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி குரலில்.

"லீவு போடறவங்களக் கேளுங்க சார்."

"நான் உங்களக் கேக்கறேன்."

"அதுக்கு ஆள் முகம் தெரியாது சார். எண்ணிக்கைதான் தெரியும்."

"முகம் தெரியாத ஒண்ணு வாராவாரம் என் வீட்டுக் கதவையே தட்டுதே, அது எப்படி?"

தபீதாள் லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த ஆளுக்குக் குரல் போனால் ஸ்டாஃப் ரூமாவது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததற்காக வருத்தப்படவும் இல்லை.

விஷயம் பிரின்ஸிபால் வேதசிரோமணி வரைக்கும் போனது. ஸ்லிப்பில் பாரபட்சம் என்று ஆபேல் எழுதிக் கொடுத்தார். ரமா மிஸ்ஸும் கூடக் கையெழுத்துப் போட்டாள். கணக்கு வாத்தியார் மெர்வின் இதுதான் சமயமென்று, டைம்டேபிளும் ஸ்லிப்பும் தானாகப் போடும் ஆப் ஒன்றின் விளம்பரத்தைச் செல்போனில் காட்டினான். "கலர் கலரா வரும் சார். நோட்டிபிகேஷன் வரும்."

"வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் பேசலாம். பாரபட்சம்னு தெரிஞ்சா அந்த வேலை உங்ககிட்ட இருக்காது, தபீதாள்" என்றார் பிரின்ஸிபால்.

அந்த வேலை போனால் அவளிடம் மிஞ்சுவது, ப்ளஸ் ஒன் பையன்களுக்குக் கம்ப்யூட்டரின் பாகங்களை வருடாவருடம் ஒப்பித்துக்கொண்டிருப்பது மட்டும்தான். தினமும் காலையில் அந்தக் கறுப்புத் திரையில் தான் எழுதிய ஒன்று சொன்னபடி ஓடுவதைப் பார்க்கிறாளே, அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவள் வேளச்சேரி ரோட்டு நெரிசலில் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"விட்டுத் தொலையேன். ஊர் சாபத்தை எதுக்கு வாங்கிக்கற?" என்றாள் ஜோசலின்.

"பாரபட்சம்னு எழுதிக் குடுத்திருக்கான். அவனை வெச்சுக்கிட்டே ஓட்டிக் காட்டி, மூஞ்சியில கரியப் பூசிட்டு அப்புறம் விடறேன்."

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் லேபில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தபீதாள் லேப்டாப்பை ப்ரொஜெக்டரில் மாட்டினாள். சுவர் முழுக்கக் கறுப்பு, அதில் வரிசையாக எழுத்து.

"கேபிள் டிவி கட் ஆன மாதிரி இருக்கு மிஸ்" என்றான் மெர்வின். சிரித்தார்கள்.

அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, எரிச்சலை மறைக்காமல் விளக்கினாள். இது தலைப்பு. இது ஓய்வு நேரம். இது எண்ணிக்கை. இது நான் எழுதிய கட்டளை. குறைவாகப் போனவரை எடுக்கும். "இதுல என் கை எங்க இருக்குன்னு யாராவது காட்டுங்க. காட்டினா இப்பவே இந்த வேலைய விட்டுடறேன்."

"ஓட்டிக் காட்டுங்க. திங்கக்கிழமைன்னு வெச்சுக்குவோம். ரமா மிஸ் லீவு" என்றார் ஆபேல்.

"என்னை ஏன் சார் இழுக்கறீங்க?" என்றாள் ரமா.

தபீதாள் விசையைத் தட்டினாள். சுவரில் பெயர் விழுந்தது: ஆபேல்.

"இன்னொரு பீரியட்" என்றார் அவர்.

வேறொரு பெயர் வந்தது. ஆபேலுக்கு அடுத்த நாற்காலிக்காரர்.

"கணக்கைத் திரும்பப் பூஜ்யம் பண்ணுங்க. இப்ப மெர்வின் லீவு."

ஆபேல்.

"அந்தப் பீரியடுல நான் ஃப்ரீ. நீங்களும் ஃப்ரீ. இன்னும் நாலு பேர் ஃப்ரீ. எல்லாருக்கும் பூஜ்யம்" என்றார் ஆபேல், ஒவ்வொரு வார்த்தைக்கும் எச்சில் விழுங்கி. "சமமா இருக்கறப்ப யாரை எடுக்கும்?"

"சமமா இருந்தா…" என்று ஆரம்பித்தவள் நின்றாள்.

பதில் அவளுக்குத் தெரியும். எப்போதுமே தெரிந்திருக்க வேண்டியது. எண்ணிக்கை சமமாக இருந்தால் அந்தக் கட்டளை யாரையும் இடம் மாற்றாது. கோப்பில் யார் பெயர் மேலே இருக்கிறதோ அவரை எடுத்துக்கொள்ளும். முதல் வருடம் பெயர்களை அடித்தபோது அவள் ஸ்டாஃப் ரூமைக் கதவிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தாள். கதவோரம் ஆபேல். வாரம் வாரம் கணக்கு பூஜ்யமாகும். வாரம் வாரம் மேலிருந்து தொடங்கும். கீழே இருப்பவர்களிடம் போய்ச் சேருவதற்குள் அடுத்த திங்கள் வந்துவிடும்.

"சொல்லுங்க டீச்சர்."

"ஃபைல்ல மேல இருக்கறவங்கள."

"மேல யாரு?"

"நீங்க."

"கடைசில?"

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். மெர்வின் எழுந்து வந்து கீழ்நோக்கு விசையை அழுத்திப் பிடித்தான். பெயர்கள் சுவரில் ஏறி ஏறிப் போயின. எல்லாவற்றுக்கும் அடியில், இத்தனை நாளும் அவள் விரித்தே பார்க்காமல் மடித்து வைத்திருந்த ஒரு தலைப்பு. தபீதாள்.

"அடியம்மா!" என்றாள் ரமா.

"வேணும்னு பண்ணல" என்றாள் தபீதாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நம்ம பேரை நாமளே மேல போட்டுக்கக் கூடாதுன்னு… மரியாதைக்குத்தான் கடைசில எழுதினேன்."

லேபே அதிர்ந்தது. அவ்வளவு நேரம் சிரிக்காதவர்களும் சிரித்தார்கள். "அந்த மரியாதைய எங்களுக்குக் குடுத்திருக்கலாமேம்மா!" என்றாள் ரமா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஆபேல் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தால் தொண்டை வலிக்கும் என்பதாலா, கோபத்தாலா என்று தெரியவில்லை.

"சரி. மெர்வின், உங்க ஆப்பையே போட்டுடலாம்" என்றார் பிரின்ஸிபால். "ஸ்லிப் உங்க பேர்ல வரட்டும்."

மெர்வின் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "என் பேர்லயா சார்? எனக்கு எக்ஸாம் ட்யூட்டி வேற இருக்கு…"

"ரமா?"

"ஐயோ, வேணாம் சார். ஊர் வயித்தெரிச்சல் எனக்கெதுக்கு?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. காலை மணி அடித்த மாதிரி ஆகிவிட்டது அறை.

"அவங்களே போடட்டும்" என்றார் ஆபேல். எல்லோரும் திரும்பினார்கள். "ஆனா தினமும் காலைல நான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காருவேன். ஒவ்வொரு பேரும் எப்படி வருதுன்னு எனக்குச் சொல்லிட்டுத்தான் ஸ்லிப் வெளிய போகணும்."

"நல்ல யோசனை" என்று பிரின்ஸிபால் எழுந்துவிட்டார்.

வேலையைப் பிடுங்கியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சனிக்கிழமை பூராவும் பீர்க்கன்கரணை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வாராவாரம் பூஜ்யமாக்கும் வரிகளை அழித்தாள். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் கடைசியாக மாற்று வகுப்புக்குப் போன தேதியைச் சேர்த்தாள். கட்டளைக்குப் பக்கத்தில் தமிழில் எழுதினாள்: சமமாக இருந்தால், போய் நீண்ட நாளானவரை எடு. அதற்கு மேலும் சமமாக இருந்தால் என்ற கேள்வி வந்தது. தன் தலைப்பை அடியிலிருந்து வெட்டி ஆபேலுக்கு மேலே ஒட்டினாள். மரியாதையும் மண்ணாங்கட்டியும் என்று வாய்விட்டே சொன்னாள். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜோசலின், "யாரடி திட்டற?" என்றாள்.

"என்னைத்தான்."

திங்கள் காலை மணி அடித்ததும் ஆபேல் நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார். தொண்டை மாத்திரையின் சூட வாசனை அவள் தோள்வரைக்கும் வந்தது. புஷ்பம் கதவில் சாய்ந்துகொண்டு, "இன்னா சார், எடம் மாறிட்டீங்க? பொண்ணு பாக்க வந்த மாதிரி குந்திகினு கீறீங்க" என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவளை முறைத்தார்கள்.

மெர்வின் நிஜமாகவே லீவு போட்டிருந்தான். அவனுடைய பீரியட் எட்டாவது டி, கடைசி பெஞ்சுக்குப் பேர் போன வகுப்பு. தபீதாள் விசையைத் தட்டினாள்.

தபீதாள், என்று வந்தது.

"ஏன்?" என்றார் ஆபேல்.

"நான் போய் ரொம்ப நாளாச்சு."

"எவ்வளவு நாள்?"

அவள் தேதியைக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் படித்தார். படித்து முடிக்க வேண்டியதற்குமேல் நேரம் எடுத்துக்கொண்டார்.

"இப்பதான் அதுக்கு முகம் தெரியுது" என்றார்.

அவள் சீட்டில் தானே கையெழுத்துப் போட்டுப் புஷ்பத்திடம் கொடுத்துவிட்டு, திரையைப் பூட்டிவிட்டு எழுந்தாள்.

எட்டாவது டி அவளை விழுங்கித் துப்பியது. பீரியட் முழுக்கக் கத்தினாள். மணி அடித்து அவள் ஃபில்டர் பக்கம் வந்தபோது தொண்டைக்குள் மணல் அப்பியிருந்தது. கதவோர நாற்காலியில் ஆபேல் தன் ஓய்வுப் பீரியடில், கால் மேல் கால் போட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு டம்ளர் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி மட்டும் குடிச்சா போதாது டீச்சர்" என்றார் பிறகு, மெதுவாக. "பேசாம இருக்கணும்."

தபீதாள் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.