சனிக்கிழமைப் பரீட்சைக்காகச் சிவகாசிக்கு

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினேன். விருதுநகருக்கு டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். எனக்கு எழுபத்தாறு வயது. கல்லூரியில் முப்பத்து நான்கு வருடம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். நான் ஊர் பார்க்கக் கிளம்பவில்லை. ஒரு பள்ளிக்கூடப் படிவத்தில் என் கையால் எழுதிய பொய்யை மறுநாள் காலைக்குள் திருத்த வேண்டியிருந்தது.

என் அண்ணன் மகன் செல்வம் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறான். அங்கே புது இயந்திரம் ஒன்றை நிறுவி ஓட்டிக் கொடுக்க, இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து டேனியல் என்ற பொறியாளர் ஜூலையில் வந்தார். ஆறு மாதத் தங்கல். கூடவே மனைவி மிரியம், பதினொரு வயது ஹன்னா, எட்டு வயது யோனா. யூதக் குடும்பம். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டுமென்று செல்வம் என்னைக் கூப்பிட்டான்.

படிவம் தமிழில் இருந்தது. மதம் என்ற இடத்தில் கிறிஸ்தவம் என்று எழுதினேன். தெரியாமல் எழுதவில்லை, மிரியம் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். செய்தித்தாள் முழுக்கச் சண்டையாக இருக்கிற காலம், யூதர் என்று எழுதினால் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள், பெயர்களோ நம் ஊர்ச் சர்ச்சில் கேட்கிற பெயர்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். தன்னால் வாசிக்க முடியாத அந்தத் தாளில், என்னை நம்பி, மிரியம் கையெழுத்துப் போட்டார். “உங்கள் மதத்தைப் பற்றி இங்கே யாரிடமும் பேச வேண்டாம்” என்று புத்திமதி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

யூதர்களுக்கு வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை ஓய்வு நாள். அந்த நேரத்தில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள், பேனா எடுத்து எழுத மாட்டார்கள். ஹன்னாவின் வகுப்புக்கோ சனிக்கிழமையும் பள்ளி உண்டு. அவள் போகவில்லை. எங்கள் ஓய்வு நாள் என்று மிரியம் வாராவாரம் கடிதம் கொடுத்தார். கிறிஸ்தவர்களுக்குச் சனிக்கிழமை என்ன ஓய்வு நாள் என்று தலைமையாசிரியை படிவத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். இப்போது அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சை சனிக்கிழமை வந்துவிட்டது. எல்லாப் பரீட்சையும் எழுதினால்தான் சான்றிதழ். ஊர் திரும்பி அவள் சேரவிருக்கும் பள்ளி அதைக் கேட்டிருந்தது.

வியாழக்கிழமை செல்வம் போனில் சொன்னான்: “சித்தப்பா, வேற நாள்ல பரீட்சை வைங்கன்னு அந்தம்மா போய்க் கேட்டுருக்காக. பொய் சொல்லாதீகன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாகளாம்.”

பொய் சொன்னது யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு விருதுநகர். அங்கிருந்து சிவகாசி இருபத்தேழு கிலோமீட்டர். டிக்கெட் இருபத்து நான்கு ரூபாய். பக்கத்தில் உட்கார்ந்தவர் விருதுநகரில் மளிகைக்கடை வைத்திருப்பவர். கடைப்பெயர் போட்ட காலண்டர் லோடை எடுக்கப் போகிறார்.

“நாளு தவறாமப் போறேன். நாளைக்கு வாங்கங்காக. நீங்க என்ன சோலியாப் போறீக?”

“ஒரு பிள்ளையின் பரீட்சை விஷயம்.”

“பேத்தியா?”

“இல்லை. நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். அதை ஒத்துக்கொள்ளப் போகிறேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சாப்பிட்டீகளா?”

“இன்னும் இல்லை.”

“மொதல்ல ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போங்க. வெறும் வயித்துல போய் நின்னா பாதியத்தான் ஒத்துக்குவீக.”

ஆமத்தூர் தாண்டியதும் இருபுறமும் கரிசல் காடு. மழைக்குப் பின் மக்காச்சோளம் ஆளுயரம் நின்றது. இடையிடையே கம்பி வேலிக்குள் பட்டாசு ஆலைகள். ஆலை என்றவுடன் பெரிய கட்டடத்தைத் தேடாதீர்கள். ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சின்னச் சின்ன அறைகள், நடுவே வேப்பமரங்கள். ஓர் அறை வெடித்தால் அடுத்தது பிழைக்க வேண்டும் என்ற கணக்கு. தீபாவளி முடிந்துவிட்டதால் அங்கே வேன்கள் குறைவு. டிசம்பர் சிவகாசியில் அச்சகங்களின் மாதம். திருத்தங்கலிலிருந்தே தெருவெல்லாம் தினசரி காலண்டர் கட்டுகள். ஆட்டோவில், சைக்கிளில், தோளில்.

கடைக்காரர் சொன்னபடி பேருந்து நிலையத்தருகே இட்லி சாப்பிட்டேன். ஆட்டோவுக்கு எழுபது ரூபாய் கொடுத்துப் பத்து நாற்பதுக்குப் பள்ளியில் இறங்கினேன். மிரியமையும் அங்கே வரச் சொல்லியிருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. தாளாளர் என் வயதுக்காரர், காலண்டர் அச்சகம் நடத்துகிறவர். கும்பிட்டு உட்காரவைத்தார்.

“ஒரு முக்கியமான விஷயம்…” என்று தொடங்கினேன்.

“பன்னெண்டு ஆகட்டும் சார். ராகுகாலத்துல புது விஷயம் எதையும் எடுக்கிறதில்ல. மோர் குடிங்க.”

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. ஒரு மணி நேரம் இருபது நிமிடம் மோர்த் தம்ளருடன் உட்கார்ந்திருந்தேன். எதிரே மிரியம். “எதற்காகக் காத்திருக்கிறோம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்த நேரத்தில் இவர் எதையும் தொடங்க மாட்டார் என்றேன். மிரியம் இயல்பாகத் தலையாட்டினார். அதில் அவருக்கு வினோதமாக எதுவும் படவில்லை.

பன்னிரண்டு அடித்ததும் தலைமையாசிரியையும் வந்தார். முதலில் தமிழில் சொன்னேன், பிறகு மிரியமுக்கு ஆங்கிலத்தில். மிரியம் அழவில்லை, கோபப்படவும் இல்லை. “அந்தத் தாளில் என் கையெழுத்து இருக்கிறது” என்றார்.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். “சார், இது காலண்டர் அடிக்கிற ஊரு. அமாவாசைக்கு ஒருத்தன் லீவு, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஒருத்தன் போவான், ஞாயித்துக்கிழமை ஒருத்தன் வர மாட்டான். அம்புட்டையும் தாள்ல அடிச்சு நாடு பூரா அனுப்புறது நாங்க. எங்களுக்கு வெளங்காதுன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீகளாக்கும்?”



தலைமையாசிரியைக்கு வேறு கவலை. “கேள்வித்தாள் எல்லாப் பள்ளிக்கும் பொதுவானதுய்யா. திங்கக்கிழமை எழுதுனா, அதுக்குள்ள மத்த பிள்ளைக கேள்விய சொல்லிருமே?” என்றவர் மிரியமைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “காய்ச்சல்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா பேசாம விட்டிருப்பேன் சார். லீவு லெட்டர்னா எல்லாருக்கும் காய்ச்சல்தான. இந்தம்மா அஞ்சு மாசத்துல ஒரு வாரங்கூட காய்ச்சல்னு எழுதல. திமிருன்னு நெனச்சேன்.”

ஹன்னாவைக் கூப்பிட்டார்கள். எண்ணெய் வைத்து ரெட்டைச் சடை பின்னியிருந்தாள். ஐந்து மாதத்தில் வகுப்புப் பிள்ளைகளின் தமிழ் அவளுக்கு அப்படியே வந்திருந்தது.

“நாளைக்கும் நாளன்னைக்கும் யாரிட்டயும் கேள்வி என்னன்னு கேக்க மாட்டியா?”

“கேக்க மாட்டேன் டீச்சர். அவளுகளா சொல்ல வந்தா காதப் பொத்திக்கிருவேன்.”

தாளாளர் சிரித்துவிட்டார். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. “போதும்யா. திங்கக்கிழமை என் ரூம்லயே எழுதட்டும்” என்றார். பிறகு மிரியமின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். பழைய படிவத்தை என் முன்னால் வைத்தார்கள். கிறிஸ்தவம் என்பதை அடித்து, யூதம் என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். மிரியம் அதன் கீழே போடுவதற்குமுன் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டச் சொல்லி ஹன்னாவிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. அது சரிதான்.

மாலை ஐந்துக்கு விடைபெற அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்வத்தின் வீட்டுக்கு அடுத்த தெரு. டேனியல் அச்சக மையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கதை தெரிந்திருந்தும் நாற்காலி எடுத்துப் போட்டார். சமையல் முடிந்து பாத்திரங்கள் மூடியிருந்தன. ஓய்வு நாள் தொடங்குமுன் ஏற்றுவதற்காக, ஐந்து நாற்பதுக்கு மிரியம் மேசையில் இரண்டு மெழுகுவர்த்திகளை வைத்தார். தெருப்பக்கச் சன்னலை நோக்கிப் போனார்.

“நீங்கள் சொன்னதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் இதைச் சாத்திவிட்டுத்தான் ஏற்றினேன்” என்று சொல்லி, இரண்டு கதவையும் திறந்துவிட்டார். ஏற்றினார். கைகளால் முகத்தை மூடிக்கொண்டு பிரார்த்தித்தார்.

எதிர்வீட்டு அம்மாள் குத்துவிளக்கை ஏற்றிவிட்டுத் தீக்குச்சியுடன் வாசலில் நின்றிருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியபோது கேட்டார்:

“அவுகளும் வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்துவாகளா?”

“வாராவாரம் ஏத்துவாங்க அம்மா.”

“பெறகு இம்புட்டு நாளா எதுக்குச் சன்னலச் சாத்திக்கிட்டாக?”

மிரியம் சன்னலருகே வந்து, “என்ன கேட்கிறார்?” என்றார். சொன்னேன். “பதிலை நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

“நான்தான் யாருக்கும் தெரிய வேண்டாம்னு சொன்னேன் அம்மா. பயந்துட்டேன்.”

“எங்களுக்கா பயந்தீக?” அந்த அம்மாள் தாவாக்கட்டையில் கைவைத்தார். “நரைச்ச தலைய வச்சுக்கிட்டு, நல்ல படிப்புப் படிச்சீக போங்க.”

“இப்போது என்ன சொன்னார்?” என்றார் மிரியம்.

ஒரு சொல்லும் விடாமல், ஒரு சொல்லும் மாற்றாமல், ஆங்கிலத்தில் சொன்னேன்.