வார்டுக்குள் விடாத ரோஜா

என் மனைவி நட்ட ஹைபிரிட் டீ ரக ரோஜா இன்று முதன்முதலாகப் பூத்தது. நீண்ட காம்பில் ஒற்றைப் பூ. வெட்டிக்கொண்டு அவளிடம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

புற்றுநோய் வார்டு வாசலில் நர்ஸ் மறித்தார். பூவிலிருந்தும் கிருமி தொற்றுமாம்.

படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கீமோ இம்முறையும் பலனளிக்கவில்லை என்று நேற்றுத்தான் டொக்டர் சொல்லியிருந்தார்.

அவள் பூவைப் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி இலைகளைப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்கோ, கரும்புள்ளி விழுந்திட்டுது. மருந்து அடிக்கேல்லையோ?"

"அடிச்சனான்."

"அப்ப உந்த இலையளை இண்டைக்கே வெட்டி எறியுங்கோ. விட்டா முழுக்கப் பரவிடும்."

"ஓம்" என்றேன்.

இப்போது கத்தரிக்கோலோடு செடியருகில் நிற்கிறேன். எவ்வளவு வெட்டலாம்? ரோஜா வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்.

பிழையாக வெட்டினால் வீட்டுக்கு வந்து ஏசுவாள். வந்து ஏசட்டும்.