திரும்பி வரும்போது ஊதிய பாட்டு

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். ஊர்காவற்றுறையில் எங்கள் பாடசாலையின் சங்கீத அறையில் செய்முறைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது என் கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

“ரீச்சரோ? நெடுந்தீவில இருந்து கதைக்கிறன். அப்பாவைத் தாட்ட மண் இன்னும் காயேல்லை. உம்மட மகள் கலியாண வீட்டுக்கு ஊதுற மாதிரி ட்ரம்பெற் ஊதுறா. இதுதானோ நீர் படிப்பிக்கிறது?”

“தம்பி, கொஞ்சம் பொறும். என்ன நடந்தது?” என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

நீண்ட காலமாக மேலைத்தேய சங்கீதம் படிப்பிக்கிறேன். பங்குக் கோவிலின் பாண்ட் வாத்தியக் குழுவையும் நான்தான் பழக்குகிறேன். எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கர் வீட்டுச் சாவென்றால் சவப்பெட்டிக்கு முன்னால் பாண்ட் போகவேண்டும். அன்று கடலுக்கு அப்பால் நெடுந்தீவில் ஒரு செத்தவீடு. பரீட்சை இருந்ததால் நான் போகவில்லை. பேஸ் ட்ரம் அடிக்கும் மரியதாஸ் அண்ணையை நம்பி என் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரை அனுப்பியிருந்தேன். அவர்களில் ஒருத்தி என் ஒரே மகள் ஜெனிற்றா. வயது பதினேழு.

வகுப்பில் சொன்னது

தொலைபேசி அறுந்த கணமே இது எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரிந்துவிட்டது. சென்ற மாதம் உயர்தர வகுப்பில் ஜாஸின் தொடக்க காலத்தைப் படிப்பித்தேன். பெயர்களைப் பாடமாக்குவதில் எங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரர். அதனால் பெயர்களைப் புத்தகத்துக்கு விட்டுவிட்டு, அந்த மனிதர்கள் வாசித்த முறையைச் சொன்னேன்.

நியூ ஓர்லியன்ஸில் ஒரு கோர்னெற்காரர் இருந்தார். அவர் ஊதினால் ஆற்றுக்கு அப்பாலும் கேட்கும் என்பார்கள். ஆனால் அவர் ஊதிய ஒலிப்பதிவு ஒன்றுகூட இன்று கிடையாது. அவருக்குப் பின் வந்த ஒருவர் சிறுவர் சீர்திருத்த இல்லத்து பாண்டில் பழகியவர். எல்லாரும் சேர்ந்து வாசித்த இசையில், ஒருவர் முன்னுக்கு வந்து தனியாக வாசிப்பதை எல்லாரும் காத்திருந்து கேட்கும்படி செய்தவர் அவர். பியானோவில் ராக்டைம் வாசிப்பவரின் இடது கை மார்ச் போல நடக்கும், வலது கை தாளத்தைத் தப்பித் தப்பி ஓடும். புளூஸில் சுரத்தை நேராகப் பிடிக்காமல் வளைப்பார்கள். பாண்டில் கோர்னெற் மெட்டைப் பிடிக்க, கிளாரினெற் மேலே பின்ன, ட்ரொம்போன் கீழே வழுக்கிக்கொண்டு வரும். ஒருவர் மற்றவரைக் கேட்டுக் கேட்டு வாசித்த இசை அது.

பிள்ளைகளுக்குப் பிடித்தது வேறு விஷயம். அந்த ஊரில் சவக்காலைக்குப் போகும்போது பாண்ட் மிக மெதுவாக வாசிக்கும். சைட் ட்ரம்மின் சத்தத்தை லேஞ்சி, அதுதான் கைக்குட்டை, வைத்து அடக்கியிருப்பார்கள். தாட்டுவிட்டுக் கொஞ்சத் தூரம் வந்ததும் லேஞ்சியை எடுத்துவிடுவார்கள். பிறகு துள்ளல்தான். சனம் பின்னால் ஆடிக்கொண்டு வீடு திரும்பும்.

“எங்கட ஊரில ஏன் ரீச்சர் திரும்பி வரேக்கை ஒண்டும் வாசிக்கிறேல்லை?” என்று ஜெனிற்றா கேட்டாள். வகுப்பில் அவளுக்கும் நான் ரீச்சர்தான்.

“எங்கட ஊரில வாத்தியத்தைப் பெட்டிக்குள்ள வைச்சிட்டு, சோடா குடிச்சிட்டு வாறதுதான் முறை” என்றேன். வகுப்பே சிரித்தது.

குறிகட்டுவான்

பரீட்சையை இன்னொரு ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது மரியதாஸ் அண்ணை தொலைபேசியில் எடுத்தார். “ரீச்சர், கடைசி லோஞ்ச் வெளிக்கிட்டிட்டுது. நாங்கள் ஏறேல்லை. பிள்ளை இஞ்ச...” அதோடு அதுவும் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்தேன். கிடைக்கவில்லை.

பிள்ளை இஞ்ச என்ன? அந்த இரண்டு சொல்லோடுதான் ஸ்கூட்டரில் போனேன். கடலுக்கு நடுவே போகும் புங்குடுதீவுத் தாம்போதியில் சோளகக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. கடல் இருந்த நிலையைப் பார்க்கத் துணிவில்லை. றோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

நெடுந்தீவுப் படகுகள் வந்துசேரும் குறிகட்டுவான் இறங்குதுறையில் அந்தக் கடைசிப் படகு சனத்தை இறக்கிக்கொண்டிருந்தது. இறங்கியவர்களில் செத்தவீட்டுக்குப் போய்வந்த ஒரு அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

“உம்மட பிள்ளையோ ட்ரம்பெற் ஊதினது?” என்றார். “மனுசனைத் தாட்டாப் பிறகு பெஞ்சாதி சவக்காலை மதிலில குந்தினவா, எழும்பமாட்டன் எண்டிட்டா. மகன்மார் கெஞ்சிப் பாத்தாங்கள். பங்குச் சுவாமி சொல்லிப் பாத்தார். ஏலாது. சனம் அரைவாசி போயிட்டுது. அப்பதான் உம்மட பிள்ளை சைட் ட்ரம்காரப் பெடியனிட்டை, போகேக்கை ட்ரம்மில வைச்சிருந்த லேஞ்சியை எடுக்கச் சொன்னவள்.”

“பிறகு?”

“பிறகென்ன, ஊதினவள். மெல்ல மெல்லத் தொடங்கி, பேந்து நல்லா ஏத்திப்போட்டாள். மனுசி நிமிந்து பாத்தா. எழும்பினா. பாண்டுக்குப் பின்னால நடக்கத் தொடங்கியிட்டா. பொய் சொல்லக்கூடாது, என்ர காலும் ஆடினது.” சிரித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “ஆனா மூத்த மகன் நிண்ட நிலை சரியில்லை, ரீச்சர். ட்ரம்பெற்றைப் பறிக்கப் போனவன். நான் லோஞ்சுக்கு ஓடி வந்திட்டன்.”

இறங்குதுறைச் சீமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். இதை எழுதும்போதும் அந்தக் கட்டின் சூடு உள்ளங்கையில் இருக்கிறது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு அங்கே இருந்து யோசித்ததைச் சொல்கிறேன். நான் அந்தப் பாணியைச் சுரமாகவும் தாளமாகவும் சரியாகத்தான் படிப்பித்தேன். ஆனால் நியூ ஓர்லியன்ஸ் தெருவில், லேஞ்சியை எடுத்தால் என்ன வரப்போகிறதென்று செத்தவரின் பிள்ளைகளுக்கும் தெரியும், வேலியில் நின்று பார்ப்பவருக்கும் தெரியும். நெடுந்தீவில் அது தெரிந்தவர்கள் என்னுடைய ஏழு பிள்ளைகள் மட்டுமே. வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் இடையில் இருக்கும் அந்த உடன்பாடும் பாணியில் ஒரு பாதி. மற்றப் பாதியை மட்டும் கையில் கொடுத்து என் பிள்ளையைக் கடலுக்கு அப்பால் அனுப்பியிருந்தேன். இப்போது எந்தப் பாணியைப் படிப்பித்தாலும், அதைக் கேட்டவர்கள் யார் என்பதையும் சேர்த்தே படிப்பிக்கிறேன்.

வந்தவர்

வெயில் தாழ்ந்த பிறகு ஒரு பெரிய மீன்பிடி வள்ளம் அலையில் ஏறி இறங்கிக்கொண்டு வந்தது. முதலில் தெரிந்தது பேஸ் ட்ரம். பிறகு தலைகளை எண்ணினேன். ஏழும் இருந்தன. மரியதாஸ் அண்ணை என்னைக் கண்டதும் கையை உயர்த்திக் காட்டினார். ஜெனிற்றா நனைந்த சட்டையோடு ஏறி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா, சாப்பிடாமல் போகக்கூடாதெண்டு அந்தச் செத்தவீட்டு அம்மா இருத்தி வைச்சிட்டா. அதுதான் லோஞ்சை விட்டனாங்கள்.”

அவள் தலையைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

எஞ்சினைப் பிடித்து வந்தவர் கடைசியாக ஏறினார். செத்தவீட்டு வெள்ளை வேட்டி தொடைவரை நனைந்திருந்தது. துவாயில் சுற்றியிருந்த ட்ரம்பெற்றை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

“ரீச்சர், உங்களுக்குப் போன் எடுத்தது நான்தான்” என்றார். “அம்மா சொல்லிவிட்டவா. முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கும் இந்தப் பிள்ளையள் வரவேணுமாம். போகேக்கை வாசிச்சது வேண்டாமாம். தன்னை வீட்டை கூட்டிக்கொண்டு வந்த பாட்டு மட்டும் போதுமாம்.”