மேவிஸ் படகு கட்டிய இரும்பு

கணவன் ரோலண்ட் மேவிஸை விட்டுப் போனது ஆகஸ்ட் மாதப் படகுப் பந்தய நாளில். ஊரே கரையில் நின்று பீர் குடித்துக்கொண்டிருக்க, மீன் வறுவல் கடைக்காரியின் காரில் ஏறிக் கையசைத்துவிட்டுப் போனான். அதுவும் விழா நிகழ்ச்சி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். டிவி அவனோடு போயிற்று. பழைய படகும், அதைக் கட்டிவைக்கும் இரும்பு மிதவையும் மேவிஸுக்கு மிஞ்சின.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் படகிலேயே குடியேறினாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், அறுபதைத் தாண்டியவள், குழந்தைகள் அவளிடமிருந்துதான் கெட்ட வார்த்தை கற்றுக்கொள்வதாகப் பெற்றோர்களிடையே பேச்சு. என் படகு அவளுடையதற்கு அடுத்தது. இங்கிலாந்தின் எசெக்ஸ் கடலோரத்து எங்கள் ஓடையில், கடல் இறங்கித் தண்ணீர் வடிந்தால் எல்லாப் படகுகளும் சேற்றில் உட்கார்ந்துவிடும்.

மார்ச்சில் எல்லோரும் மிதவைக்குப் பெயின்ட் அடிப்போம். ரோலண்ட் முப்பது வருடமும் பழசின் மேலேயே பூசியவன். மேவிஸ் அதைச் சேற்றுக்கு இழுத்துவந்து சுத்தியலால் தட்டிச் சுரண்டினாள். ஆரஞ்சுக்குக் கீழே சிவப்பு, அதற்குக் கீழே பச்சை, கடைசியில் ஜெர்மன் எழுத்துகள்.

"கண்ணு, நீ ஜெர்மனியில இருந்தவதானே? என்ன எழுதியிருக்கு பாரு."

"அங்க நான் பாத்திரம் கழுவினேன். ஆனா இது குண்டு மாதிரி இருக்கு. அந்தச் சுத்தியலக் கீழ வை."

போலீஸுக்கு நான்தான் சொன்னேன். ராணுவத்திலிருந்து டங்கன் என்ற இளம் சார்ஜண்ட் வந்தான். படகுத்துறைக் கமிட்டித் தலைவர் க்ளைவும் சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"ஐம்பது கிலோ குண்டு மாதிரிதான் இருக்கு. ஆனா எங்க புத்தகத்துல இருக்கற எதோடயும் ஒத்துப்போகல. எங்கேர்ந்து வந்துச்சு மேடம்?" என்றான் டங்கன்.

மேவிஸ் க்ளைவைப் பார்த்தாள். அனுமதி வாங்காத மிதவையில் கட்டிய படகைக் கமிட்டி ஓடையைவிட்டே துரத்திவிடும்.

"நேத்து கரை ஒதுங்குச்சு," என்றாள்.

"அடியிலேர்ந்து அலை உருட்டிட்டு வந்திருக்கும். அப்ப நகர்த்தறது ஆபத்து. இங்கேயே வெடிக்கவச்சிடணும்."

"பக்கத்துல என் வீடு இருக்கே."

"படகை நகர்த்த முடியுமா?"

முடியாது. அந்த வாரம் கடலேற்றம் குறைவு. படகு எழும்ப அடுத்த வாரம் ஆகும். பூனையை எடுத்துக்கொண்டு வெளியேறச் சொன்னார்கள். மேவிஸ் பூனையோடு படகின் ஏணிப்படியில் உட்கார்ந்தாள். மணல் மூட்டைகள் இறங்கின.

"தம்பி, அது கரை ஒதுங்கல. முப்பது வருஷமா இந்தப் படகை அதுலதான் கட்டியிருக்கு."

டங்கன் மூட்டையைக் கீழே போட்டான். "அப்ப இது மிதந்துச்சா?"

"வாத்து மாதிரி."

"நிஜக் குண்டுன்னா கல்லு மாதிரி முழுகிடும் மேடம்."

அவன் மண்டியிட்டு அடிப்பக்கத்துப் பெயின்டை மெதுவாகச் சுரண்டினான். வட்டமாகச் சில துளைகள் தெரிந்தன.

"புகைக்குண்டு. ரெண்டாம் உலகப் போர்ல கப்பலை மறைக்க விமானத்துலேர்ந்து கடல்ல போடுவாங்க. மிதந்துக்கிட்டே புகை விடும். இந்த வகையை நான் படத்துலகூடப் பார்த்ததில்ல. எடுத்துட்டுப் போயிடறோம்."

க்ளைவ் ஹெல்மெட்டைக் கழற்றினார். "அனுமதி இல்லாத மிதவை. முப்பது வருஷம். கமிட்டிக்கு நான் என்ன சொல்றது?"

"ஜெர்மன் விமானப்படை அனுமதி கொடுத்துச்சுன்னு சொல்லுங்க," என்றாள் மேவிஸ்.

கமிட்டி கூடிக் கூடிப் பேசியது. வெடித்திருக்க வேண்டிய கிழவியைத் துரத்தினால் ஊர் சிரிக்கும் என்று பயந்து, கழிவுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியது. மேவிஸ் படகோடு அங்கே போனாள். குழாய்ப் பக்கமிருந்து காற்று வீசும் நாட்களில் க்ளைவை டீக்கு அழைப்பாள்.

நவம்பரில் அவள் போனுக்கு டங்கனிடமிருந்து செய்தி வந்தது:

"மேடம், அந்தக் குண்டு உள்ள காலியா இல்ல. அந்த முப்பது வருஷப் பெயின்ட் ஒரு சொட்டு ஈரம் புகவிடல. பயிற்சித் திடல்ல பத்தவச்சோம். பக்கத்து கோல்ஃப் மைதானத்துல ஆட்டத்தையே நிறுத்திட்டாங்க. எங்க மேஜர் இன்னும் இருமறார். இப்ப படகை எதுல கட்டியிருக்கீங்க? ஒரு படம் அனுப்புங்க."